நாடாவைப் பார்க்காத கண்

கிருஷ்ணன்கோவிலில் இறங்கி வத்திராயிருப்புப் பக்கம் போகிற பேருந்தில் ஏறி உட்கார்ந்தால், தென்னந்தோப்பும் வயலும் மாறி மாறிப் பின்னால் ஓடும்; மேற்கே மலை மட்டும் நகராமல் கூடவே வரும். சுந்தரபாண்டியம் அந்தப் பக்கத்து ஊர். கைத்தறி ஊர். தறிச் சத்தம் கேட்கிற தெருக்கள் அங்கே இன்னும் இருக்கின்றன. அப்படி ஒரு தெருவில், தெரிந்தவர் வீட்டில், ஒருநாள் பிற்பகலில் போய் உட்கார்ந்தவன் இருட்டிய பிறகுதான் எழுந்தேன். உள்ளே குழித்தறியில் அந்த வீட்டு அக்கா சேலை நெய்துகொண்டிருந்தார். நிலைப்படியில் சாய்ந்தபடி அவர் மகள் ஏழாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை நெருங்குகிறதாம்.

கண்ணும் மூளையும் பற்றிச் சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருந்ததால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருந்தது. யாரோடு பேசினாலும் அவர் என்ன சொல்கிறார் என்பதை விட்டுவிட்டு அவர் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு ஒரே வாசலில் இரண்டு ஜோடிக் கண்கள் கிடைத்தன. மகளின் கண் துள்ளித் துள்ளி வரியோடு போனது. வரி முடிந்ததும் ஒரே தாவலில் இடப்பக்கம் திரும்பியது. அம்மாவின் கண்ணோ, நெய்து முடிந்த துணியின் விளிம்பில், குறுக்கு இழையான ஊடை வந்து அடிபட்டுச் சேர்கிற அந்தக் கோட்டில், ஏறக்குறைய அசையாமல் இருந்தது. ஊடை நூலைச் சுமக்கும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பறந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"அக்கா, நாடா இவ்வளவு வேகமாப் போகுதே, கண்ணு வலிக்காதா?"

"நாடாவ யாரு தம்பி பாத்தா? அது பாட்டுக்குப் போகும், வரும். அதப் பாத்துக்கிட்டு இருந்தா சேலை எப்ப முடியுறது?"

தாளில் எல்லாம் அசையாமல் கிடக்க, கண் ஓடுகிறது. தறியில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, கண் நிற்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இவை இரண்டும் நேர் எதிர். மூளைக்குள் போய்ப் பார்த்தால் அவ்வளவு எதிரில்லை.

முதலில் மகளின் கண். படிக்கும்போது நம் கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதாகத்தான் நமக்கே தோன்றுகிறது. அது பொய். கண் ஓரிடத்தில் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிநொடி நிற்கும், பிறகு 30 மில்லிநொடி அளவில் ஒரு தாவல், மறுபடி நிற்கும். இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை, காதால் கேட்டார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1870களின் இறுதியில் பாரிசில் கண் மருத்துவர் எமில் ஜவாலின் ஆய்வகத்திலும், அதே காலத்தில் உடலியலாளர் எவால்ட் ஹேரிங்கிடமும், இமைமேல் குழாய் போன்ற கருவியை வைத்துக் கண் தசைகளின் மெல்லிய ‘தட்’ சத்தத்தை எண்ணினார்கள். ஒவ்வொரு சத்தமும் ஒரு தாவல். அதற்கு ‘சக்காட்’ என்ற பிரெஞ்சுச் சொல் நிலைத்தது. குதிரையின் கடிவாளத்தைச் சுண்டி இழுப்பதைக் குறிக்கும் சொல் அது. வாசிக்கும் கண்ணைப் பற்றி இவ்வளவு யோசித்த ஜவால், கண் அழுத்த நோயால் 1900வாக்கில் பார்வையை முழுதாக இழந்தார்.

பிறகு வந்தவர்கள் முரட்டு மனிதர்கள். எட்மண்ட் ஹியூயி என்ற அமெரிக்கர் 1898இல் கண்ணை மரத்துப்போகச் செய்து, விழிமேல் சாந்துக் கிண்ணம் ஒன்றை மாட்டி, அதிலிருந்து ஒரு அலுமினிய முள்ளை நீட்டி, அதன் அசைவைப் பதிவு செய்தார். ரேமண்ட் டாட்ஜ்தான் விழியில் பட்டுத் திரும்பும் ஒளியைப் படமெடுத்து இந்தக் கொடுமைக்கு முடிவு கட்டினார். டாட்ஜ் கவனித்த இன்னொன்றுக்குக் கருவியே வேண்டாம். கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். உங்கள் கண் நகர்வதை உங்களால் ஒருபோதும் பார்க்க முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு அது நன்றாகத் தெரியும்.

ஏன் தெரிவதில்லை? தாவும்போது விழி நொடிக்குப் பல நூறு பாகை வேகத்தில் சுழல்கிறது. அந்த நேரத்துக் காட்சி முழுக்கத் தேய்த்துவிட்ட கோலம் போல இருக்க வேண்டும். மூளை அதைக் கணக்கில் எடுப்பதில்லை. தாவலுக்குச் சற்று முன்பே பார்வைப் பாதையின் கூருணர்வு, அதிலும் அசைவை உணர்கிற பகுதியின் கூருணர்வு, இறங்கிவிடுகிறது என்று 1994இல் பர், மொரோன், ராஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். தாவல் முடிந்து கண் நின்றதும், மூளையின் மேலடுக்கான புறணியில், பிடரிப் பக்கத்துப் பார்வைப் பகுதியில், புதிதாக ஒரு அலை எழுகிறது. தலையில் மின்முனைகளை ஒட்டிப் பதிவு செய்தால் அந்த அலை தெரியும்; லாம்டா அலை என்று பெயர். விழித்திருக்கும் நேரத்தில் நொடிக்கு மூன்று தாவல் என்றாலும் ஒரு நாளைக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். அத்தனை முறையும் மூளை திரையை இறக்கி ஏற்றுகிறது; நமக்கு உலகம் அறுந்ததே இல்லை.

இங்கேதான் தறியும் தாளும் முதன்முதலாகக் கைகோக்கின்றன. பறக்கும் நாடாவை யாரும் பார்ப்பதில்லை. அது போய்ச் சேர்ந்து, இழையை நெருக்கும் அச்சு வந்து அடித்த பிறகுதான் துணி ஒரு இழை வளர்கிறது. தாவும் கண்ணும் அப்படியே. பயணத்தில் பார்வை இல்லை, நின்ற இடத்தில்தான் பார்வை. உவமையை இதற்கு மேல் இழுக்க நான் தயாரில்லை. நாடா போகிற வழியெல்லாம் நூலை விட்டுச் செல்கிறது, கண்ணின் தாவல் எதையும் விட்டுச் செல்வதில்லை.

இனி அம்மாவின் கண். நாடாவைப் பார்க்க நேரமில்லை என்று அவர் சொன்னது உழைப்பின் பேச்சு. உண்மையில் பார்க்க முடியவும் முடியாது. நான் அங்கேயே உட்கார்ந்து ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். துணியின் அகலம் நாலு அடிக்குக் கொஞ்சம் குறைவு. அவர் முகத்துக்கும் துணிக்கும் இடையே இரண்டடி. ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கண் சுழல வேண்டுமென்றால் எண்பது தொண்ணூறு பாகை. நாடா அதைக் கடக்க அரை நொடிகூட ஆவதில்லை. அதாவது நொடிக்கு நூற்றறுபது பாகைக்குக் குறையாத வேகம். ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு வழுக்கலாகப் பின்தொடர்வது கண்ணுக்கு நொடிக்கு முப்பது பாகை வரை சுகமான வேலை. நூறை நெருங்கும்போது அது தோற்றுத் தாவத் தொடங்கிவிடும்.

இந்தப் பின்தொடரல் தாவலிலிருந்து வேறான ஓர் இயக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் அசைந்து வரும்போது நம் கண் அதைப் பிடித்துக்கொண்டு வழுக்கலாகக் கூடவே நகரும். தேர் இல்லாத நாளில் அதே வீதியில் நின்றுகொண்டு, அதே மாதிரி வழுக்கலாகக் கண்ணை ஓட்டிப் பாருங்கள். முடியாது. கண் படிக்கட்டு இறங்குவதைப் போல விட்டுவிட்டுத்தான் போகும். பின்தொடர்வதற்கு ஓர் அசைவு வேண்டும். அந்த அசைவை உணர்கிற புறணிப் பகுதி வேலை செய்ய வேண்டும். 1980களில் குரங்குகளில் எம்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்தப் பகுதியில் சிறு பழுது ஏற்படுத்திப் பார்த்தார்கள். அசையாத பொருளின்மேல் தாவுவது ஒழுங்காக இருந்தது, அசைகிற பொருளின் வேகத்தை ஈடுகட்டுவது மட்டும் கெட்டுப்போனது. பேருந்தில் வரும்போது எதிர் இருக்கையில் ஒரு பெரியவர் ஜன்னல் வழியே தென்னைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் கண்ணில் இரண்டும் மாறி மாறி நடந்தன: ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்னால் போகும், சட்டென்று முன்னால் தாவி அடுத்த மரத்தைப் பிடிக்கும்.

ஆனால் நெசவில் இந்தப் பின்தொடரலுக்கு வேலையே இல்லை. அங்கே பெரிய வேலை, கண்ணை நிறுத்தி வைப்பது. நிற்பது என்பது ஓய்வு என்று நாம் நினைக்கிறோம். கண் விஷயத்தில் அது முழுத் தவறு. மூளைத்தண்டில் ஆம்னிபாஸ் நியூரான்கள் என்று ஒரு சிறு கூட்டம் உண்டு. கண் நிற்கும்வரை அவை இடைவிடாமல் துடித்துக்கொண்டே இருக்கும். அவை மௌனமானால்தான் கண் தாவ முடியும். அதாவது தாவலைவிட நிற்பதற்குத்தான் இங்கே காவல் அதிகம். நடுமூளையின் முதுகில் சுப்பீரியர் காலிக்குலஸ் என்று இரண்டு சிறு மேடுகள் இருக்கின்றன. மீனிலும் தவளையிலும்கூட இதன் முன்னோடி இருக்கிறது, அவ்வளவு பழைய உறுப்பு. எங்கே தாவ வேண்டும் என்பதற்கு அதன் பரப்பிலேயே ஒரு வரைபடம் இருக்கிறது. ஓரிடம் துடித்தால் கண் அந்தத் திசைக்குத் தாவும். அந்த வரைபடத்தின் முன்முனை துடிக்கும்போது கண் இருந்த இடத்திலேயே நிற்கிறது என்று 1993இல் முனோஸும் உர்ட்ஸும் காட்டினார்கள். அக்காவின் அசையாத பார்வைக்குப் பின்னால் அந்த முனை பொழுதெல்லாம் துடித்துக்கொண்டிருக்கிறது.

முழுதாக நிற்பதும் இல்லை. விழித்திரையின்மேல் படிமத்தை ஆடாமல் ஒட்டவைத்தால் சில நொடிகளில் காட்சியே மங்கி மறைந்துவிடும் என்று 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தனித்தனியே செய்த சோதனைகளில் தெரிந்தது. நிலைகுத்திய கண்ணிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்தாவல்கள் நடந்துகொண்டே இருப்பதால் பார்வை அணுக்கள் சலித்துப்போகாமல் இருக்கின்றன.

பேசிக்கொண்டிருந்ததில் பொழுது சாய்ந்து விளக்குப் போட்டிருந்தார்கள். திடீரென்று மின்சாரம் போனது. இருட்டில் மகள் இன்னும் இரண்டு சொல்லை வாசித்துவிட்டு நிறுத்தினாள். உள்ளே தறி இன்னும் ஒரு தடவை அடித்துவிட்டு நின்றது. மொத்தம் ஒரு நொடி இருக்கும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் படித்த இரண்டு ஆய்வுகள் என் முன்னால் ஒரே நேரத்தில் நடந்துவிட்டன.

வாய்விட்டுப் படிப்பவரின் கண், குரலுக்கு முன்னால் ஓடுகிறது. சிகாகோவில் கை பஸ்வெல் 1920இலேயே இந்த இடைவெளியை அளந்தார். விளக்கை அணைத்தாலும் வாசகர் சில சொற்களைச் சொல்வார், ஏனென்றால் அவற்றைக் கண் முன்பே எடுத்துக் கொடுத்துவிட்டது. கைவேலையிலும் அதுவேதான். மைக்கேல் லேண்டும் உடன் ஆய்ந்தவர்களும் 1999இல் தேநீர் போடுகிறவர்களின் தலையில் கேமராவை மாட்டிப் பார்த்தார்கள். கை கெட்டிலைத் தொடுவதற்கு அரை நொடிக்கு முன் கண் அங்கே போயிருக்கிறது; கை வேலையை முடிப்பதற்குள் கண் அடுத்த பொருளுக்குத் தாவிவிட்டது. அடுத்த ஆண்டு அதே லேண்ட் கிரிக்கெட் மட்டையாளர்களின் கண்ணை அளந்தார். அவர்கள் பந்தைக் கடைசிவரை பார்ப்பதில்லை. பந்து கை விட்டதும் சிறிது நேரம் பார்க்கிறார்கள். பிறகு பந்து தரையில் குத்தப்போகிற இடத்துக்குக் கண்ணைத் தாவவிட்டுக் காத்திருக்கிறார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் மற்றவரைவிட முன்னதாகத் தாவுகிறார். ‘பந்தைப் பார், பந்தைப் பார்’ என்று மைதானத்தில் கத்தும் பயிற்சியாளர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். அக்கா நாடாவை விட்டுவிட்டுத் துணி விளிம்பைப் பார்ப்பது அதே வித்தை: பொருள் எங்கே இருக்கிறது என்பதைவிட, வந்து எங்கே முடியும் என்பதைப் பார்ப்பது.

முன்னால் ஓடும் கண்ணுக்கு மூளையில் முன்கூட்டியே சேதி சொல்லும் ஒரு ஏற்பாடு உண்டு. விரலால் கீழிமை ஓரத்தை மெல்லத் தள்ளிப் பாருங்கள், உலகம் ஆடும். நீங்களாகக் கண்ணைத் திருப்பினால் ஆடாது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிவியலாளரை உறுத்திய புதிர் இது. நீங்களாகத் திருப்பும்போது தசைக்குப் போகும் ஆணையின் நகல் ஒன்று பார்வைப் பகுதிக்கும் போகிறது, ‘இப்போது அசையப்போவது நான்தான், உலகம் இல்லை’ என்று. 1950இல் ஃபோன் ஹோல்ஸ்டும் மிட்டல்ஷ்டெட்டும் ஒரு பக்கம், ஸ்பெரி ஒரு பக்கம் இதை முன்வைத்தார்கள். நகல் எந்த வழியாகப் போகிறது என்பதற்கு 2002இல்தான் ஒரு தடம் கிடைத்தது: நடுமூளையின் அந்தப் பழைய மேடுகளிலிருந்து, மூளையின் நடுவே உள்ள தலாமஸ் வழியாக நெற்றிப் பக்கத்துப் புறணிக்கு. அதற்கும் முன்னால், 1992இல் டுஹாமெல், கோல்பி, கோல்ட்பர்க் மூவரும் இன்னொரு விந்தையைப் பார்த்திருந்தார்கள். கண் இன்னும் தாவவில்லை; ஆனால் தாவிய பிறகு தன் பார்வை எல்லைக்குள் வரப்போகிற பொருளுக்குச் சில புறணி அணுக்கள் முன்கூட்டியே துடிக்கத் தொடங்கிவிட்டன.

இதுவரை சொன்னதெல்லாம் படிப்பு வந்த கண்ணுக்கும் வராத கண்ணுக்கும் பொது. அப்படியானால் எழுத்து கற்பதால் இந்தப் பாதையில் எதுவும் மாறவில்லையா? இதற்கு விடை லக்னோவுக்குப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத, வயது முப்பதையொட்டிய, பெரும்பாலும் பெண்களான ஒரு குழுவுக்கு ஆறு மாதம் தேவநாகரி எழுத்து கற்பித்தார்கள். கற்பிப்பதற்கு முன்னும் பின்னும் அவர்கள் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் பார்த்தார்கள். மைக்கேல் ஸ்கைடே, உத்தம் குமார், ரமேஷ் மிஸ்ரா, ஃபால்க் ஹூட்டிக் முதலியோரின் அந்த ஆய்வு 2017இல் வெளியானது. மாறியிருந்தது புறணி மட்டுமில்லை. நடுமூளையின் அந்தப் பழைய மேடுகளும், தலாமஸின் பின்பகுதியான புல்வினாரும், பார்வைப் புறணியோடு முன்பைவிட நெருக்கமாக ஒத்திசைந்து துடித்தன. அந்த ஒத்திசைவு கூடியவர்களுக்கு வாசிப்பும் நன்றாக வந்திருந்தது.

மீனுக்கும் உண்டான ஒரு பகுதி, முப்பது வயதில், ஆறு மாத எழுத்துப் பாடத்தில் இசைவு மாறுகிறது என்பது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. இதைப் படிப்பின் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறேன். எழுத்து மனித குலத்துக்குச் சில ஆயிரம் ஆண்டுப் பழக்கம்தான். வாசிப்புக்கென்று மூளை புதிதாக ஓர் உறுப்பு செய்துகொள்ள நேரமில்லை. எங்கே நிற்பது, எங்கே தாவுவது, எதை முன்கூட்டிப் பார்ப்பது என்ற பழைய ஏற்பாட்டைத்தான் அது கடன் வாங்குகிறது. பழம் பறித்தவரும் கூடை முடைந்தவரும் நெய்தவரும் பழக்கி வைத்த கண்ணைத்தான் வாசகர் எடுத்து ஓட்டுகிறார். சுந்தரபாண்டியத்து அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவர் கண்ணைப் ‘படிக்காத கண்’ என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வராது.

வேறுபாடு இல்லை என்று சொல்லவில்லை. வாசகருக்குப் பாதையை வரி போட்டுக் கொடுக்கிறது. கண் தப்பினால் பின்னால் தாவிக்கொள்ளலாம். தேர்ந்த வாசகர்களிடமே பத்துத் தாவலில் ஒன்றாவது பின்தாவல்தான். நெசவில் பின்தாவல் கிடையாது. தவறின ஊடையைப் பிரித்தெடுக்க வேண்டும், அது நேரமும் கூலியும். அதனால் நெசவுக் கண் எங்கே தவறு வரும் என்பதைத் தேடியே நிற்கிறது. சேலை அகலத்தில் நீளவாட்டில் ஓடும் ஆயிரக்கணக்கான பாவு இழை. அதில் ஒன்று அறுந்தபோது, நான் பார்த்துக்கொண்டே இருந்தும் எனக்குத் தெரியவில்லை. அவர் பேச்சை நிறுத்தாமலே தறியை நிறுத்தி, இழையைப் பிணைத்து, மறுபடி மிதியை அழுத்தினார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எஸ்.பி. அருணும் உடன் ஆய்ந்தவர்களும் தெலுங்கு, மலையாளம் வாசிப்பவர்களை வைத்து 2019இல் வெளியிட்ட ஆய்வு அப்போது நினைவுக்கு வந்தது: ஒரு எழுத்துமுறையைப் படித்துப் பழகியவர்களுக்கு அதன் எழுத்துகள் அடுத்தடுத்து நிற்கும்போதும் ஒன்றில் ஒன்று கலங்காமல் தனித்தனியாக நிற்கின்றன. தெரியாத எழுத்து என்றால் அப்படிப் பிரிவதில்லை. பாவு இழைகளும் அவருக்கு அப்படித்தான் பிரிந்து நிற்கின்றன என்பது என் ஊகம். எனக்கு அது வெறும் வெள்ளைப் பரப்பு.

ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஓட்டும் விசைத்தறிக் கூடங்களில் வேறொரு கண்ணைப் பார்க்கலாம். அங்கே ஒருவர் பல தறிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார். நெய்கிற வேலை இயந்திரத்தினுடையது. கண் தறிக்குத் தறி தாவுகிறது, வாசகர் பத்தியை மேய்வது போல. கைத்தறியின் நிலைத்த பார்வை அங்கே தேவைப்படுவதில்லை.

மின்சாரம் வந்தது. அக்கா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவர், "உக்காந்து பாருங்க தம்பி, சும்மா கரையில்லாத இடந்தான்" என்றார். நான் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தேன். கயிற்றைச் சுண்டினேன், நாடா ஓடியது, என் கண்ணும் கூடவே ஓடித் தோற்று, தாவி, எதிர்க்கரையில் போய் விழுந்தது. மறுபடி சுண்டினேன். ஊடை தளர்ந்து கிடந்தது. நாடா எங்கே என்று தலையே திரும்பிக்கொண்டிருந்தது. மகள் புத்தகத்தை மூடிவிட்டுச் சிரிக்க வந்துவிட்டாள்.

"துணியப் பாருங்க மாமா, துணிய" என்றாள்.

விளிம்பை மட்டும் பார்த்தேன். பத்துப் பதினைந்து இழை கோணலாக விழுந்தன. அதற்குப் பின் இரண்டு மூன்று, ஓரளவு நேராக. மிதி, சுண்டல், அடி. மிதி, சுண்டல், அடி. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"நாடா இப்ப எந்தப் பக்கம் இருக்கு?" என்று பின்னாலிருந்து அக்கா கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.